பதுக்கிய நாட்கள்

ஹிருமா இறந்து முப்பத்து நான்கு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தபோது, அவர் கடைசியாக வரைந்த கை திரையில் அசைந்தது.

கிழவன் ஒருவனின் கை. உயிரோடிருந்தவரை டாக்ஸி ஓட்டியவன்; இப்போது எமன் முன்னால் நிற்கிறான். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அவன் செய்ததெல்லாம் அதில் தெரிகிறது. மழையில் ஒரு பெண்ணை இடித்துவிட்டு நிறுத்தாமல் போனதும் தெரிகிறது. கிழவன் சட்டைக் கையை விரல்கள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கிறான், ஆவி படிந்த வண்டிக் கண்ணாடியைத் துடைப்பதுபோல. துடைக்கத் துடைக்கப் படம் தெளிவாகிறது.

"நிறுத்துங்க," என்றார் இனாகே.

ஓகிகுபோவில் இருந்த அந்த அனிமே ஸ்டூடியோவின் இரண்டாம் மாடியில், தொடரின் ஐந்தாம் பகுதிக்கு இந்த அம்மாள்தான் இயக்குநர். இறந்தவரை ஏழு நாளுக்கு ஒரு நீதிபதி விசாரிப்பார் என்பது பௌத்த நம்பிக்கை. அதை வைத்து ஏழு கதைகள், ஏழு இயக்குநர்கள். வாரம் ஓர் உயிர், ஒரு தீர்ப்பு. ஐந்தாவது ஏழில் எமன் வருகிறான். இறந்த நாளையும் சேர்த்து எண்ணுவதால் ஹிருமாவுக்கும் இன்றுதான் முப்பத்தைந்தாம் நாள். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"கோடு நடுங்குது பாரு," என்றார் இனாகே, பின்னால் நின்ற ஷியோமியிடம். "கடைசி நாலு ஷாட்ல. திருத்திடலாமான்னு கேட்டாங்க. தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டேன்."

"நல்லதுங்க."

"என்ன நல்லது? ஆளு போயிட்டாரு." இனாகே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "இந்தக் கதைப்படி பொய் சொன்னவங்க நாக்கை எமன் பிடுங்கணும். நம்ம தயாரிப்புப் பிரிவு மொத்தமும் ஒரே நாள்ல செத்தா அவன் குறடு தேஞ்சு போயிடும்."

யாரோ சிரித்தார்கள். ஷியோமியும் சிரிக்கப் பார்த்தாள். அவள் தயாரிப்புப் பிரிவு. மூன்று வருடமாக ஸ்டூடியோ வண்டியை எடுத்துக்கொண்டு வரைபவர்களின் வீடு வீடாகப் போய், தேதி சொல்லி, கெஞ்சி, படங்களை வாங்கி வருவது அவள் வேலை. ஹிருமாவின் கடைசிப் படங்கள் இருந்த உறையை வாங்கி வந்ததும் அவள்தான். மேசையில் தலை சாய்ந்திருந்த அவருடைய முழங்கைக்கு அடியிலிருந்து அதை உருவி எடுத்துக் கொடுத்தது ஆம்புலன்ஸில் வந்தவர்.

கதவு திறந்து ஒரு தும்மல் வந்தது. பின்னால் தயாரிப்பாளர் சுகானுமா வந்தார். மார்ச் பிறந்துவிட்டால் தேவதாரு மகரந்தம் அவரை விடாது. இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார்.

"ஏம்மா ஷியோமி, வண்டிச் சாவி உங்கிட்டதானே? கறுப்புக் கோட்டு இருக்கா? போட்டுக்கோ."

"இப்பவே போகணுமா?"

"படத்துல ஓடுற பெயர்ப் பட்டியலை சாயங்காலம் மூடுறாங்க. அதுக்குள்ள ஹிருமா வீட்டம்மா சரின்னு சொல்லணும்." இனாகேயைப் பார்த்தார். "மேடம், ஹிருமா பேரை இப்போதைக்கு எடுக்காதீங்க. நான் போன் பண்றேன்."

"எடுத்தா என் பேரையும் சேர்த்து எடுங்க," என்றார் இனாகே, திரையைவிட்டுத் திரும்பாமல்.

ஹிருமாவின் மனைவி நமியே முந்தாநாள் ஸ்டூடியோவுக்குப் போன் செய்திருந்தார். கத்தவில்லை. முப்பத்தைந்தாம் நாளன்று, படம் வாங்க வரும் அந்தப் பெண் வரவேண்டும். எத்தனை நாள் பதுக்கினாள் என்று அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர் பெயரை எடுத்துவிடுங்கள், அவரைக் கொன்றவர்களின் பெயர்களோடு அது திரையில் ஓட வேண்டாம். சொன்னது அவ்வளவுதான்.

பதுக்குவது இந்தத் தொழிலில் மூச்சு விடுவதுபோல. ஒளிபரப்பு நாள் தயாரிப்பாளருக்குத் தெரியும். அவர் அதிலிருந்து ஒரு வாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, முந்தைய தேதி ஒன்றை இயக்குநருக்குச் சொல்வார். அடுத்தவர் இன்னும் சில நாளை எடுத்து வைப்பார். கடைசியில் ஷியோமி போன்ற ஒருத்தி, வரைபவரின் வாசலில் நின்று, "இதுக்கு மேல ஒரு நாள்கூடத் தாங்காதுங்க" என்று ஒரு பொய்த் தேதி சொல்வாள். வரைபவர்களும் பச்சைக் குழந்தைகள் இல்லை. சொன்ன தேதியோடு ஒரு வாரத்தைக் கூட்டி மனதில் வைத்துக்கொள்வார்கள். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் இவர்கள் பதுக்குவார்கள். யாரும் யாரையும் நம்பாததால் எல்லாம் ஒருவழியாக நேரத்துக்கு முடிந்துவிடும்.

ஓமே நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. சுகானுமா ஜன்னலை ஏற்றிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

"எத்தனைம்மா? ஏழா?"

ஷியோமி முன்னால் போன லாரியைப் பார்த்தபடி ஓட்டினாள்.

"பத்து வச்சியோ? பரவால்ல, நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நானும் வண்டி ஓட்டினவன்தான். பதினஞ்சு வச்சிருக்கேன் ஒரு காலத்துல." தும்மினார். "ஆனா அங்க ஏழுன்னு சொல்லு. ஏழுன்னா வழக்கம்னு ஆயிடும். பத்துன்னா கொடுமைன்னு ஆயிடும்."

"நான் சொல்லித்தான் ஆகணுமா?"

"பத்திரிகைக்காரன் ஒருத்தன் அந்தம்மா நம்பரைக் கேட்டுக்கிட்டிருக்கானாம். வாரப் பத்திரிகை. 'எமன் தொடர் வரைந்தவரை எமன் கொண்டுபோனான்'னு போடுவான். தலைப்பு அவனுக்கு இப்பவே தயாரா இருக்கும்." குரலை இறக்கிச் சொன்னார்: "அதை விடு. அந்த மனுஷன் முப்பது வருஷம் வரைஞ்சிருக்கார். கடைசி வேலையில பேர் இல்லாமப் போகணுமா? நீ குனிஞ்சு ஒரு எண்ணைச் சொன்னா முடிஞ்சுது. உன் மேல வழக்கா போடப்போறாங்க?"

அவளுக்குத் தெரிந்த எண் ஒன்று இருந்தது. அதை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஏழா, பத்தா, எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைப் பெண் தன் டிபன் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் அவள் வந்ததும் பேச்சை மாற்றினார்கள். அவர்களும் பதுக்குகிறவர்கள்தான். ஆனால் அவர்களுடைய பதுக்கலில் யாரும் சாகவில்லை.

ஹிகாஷி-முராயாமாவில் ஹிருமாவின் குடியிருப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். எத்தனையோ முறை நிறுத்திய இடம். சுகானுமா முகக்கவசத்தை ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, கறுப்பு டையை இழுத்துச் சரிசெய்தார்.

நமியே கதவைத் திறந்தார். கறுப்பு கிமோனோ. சின்ன உடம்பு. அவரும் ஒரு காலத்தில் இதே தொழில்தான். வண்ணம் பூசும் பிரிவில் பதினான்கு வருடம்.

"வாங்க. சாமியார் இப்பதான் மந்திரம் சொல்லிட்டுப் போனார். எமனுக்கு நல்லா எடுத்துச் சொல்லியிருக்கார். இனி நீங்க சொல்ல வேண்டியதுதான் பாக்கி."

அறையின் மூலையில் வெள்ளைத் துணி போட்ட மேடை. அதன்மேல் அஸ்திப் பெட்டி, சாயம் பூசாத மரப் பலகையில் இறந்தபின் அவருக்கு வைத்த மறுமைப் பெயர், ஒரு டின் காபி. அவர் எப்போதும் குடிப்பது. நடுவில் படம். மற்ற வீடுகளில் இருப்பதுபோல கோட்டு சூட்டு இல்லை. விடுதியில் கொடுக்கும் நீலக்கோடு போட்ட பருத்தி அங்கி. குளித்த ஈரத்தில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஊதுவத்தி ஏற்றி வணங்கினார்கள். ஷியோமி படத்தைப் பார்க்காமல் காபி டின்னைப் பார்த்தாள்.

"படம் நல்லா இருக்குல்ல?" என்றார் நமியே, தேநீர் ஊற்றிக்கொண்டே. "ஷிமாவில வெந்நீர் ஊத்துக்குப் போனப்ப எடுத்தது. கல்யாணமான பதினோரு வருஷத்துல அவரை நான் எடுத்த ஒரே படம். மத்ததுல எல்லாம் முதுகுதான். மேசையில உக்காந்திருக்கிற முதுகு."

"எப்பங்க போனீங்க?" என்றார் சுகானுமா, ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"உங்க வேலைக்கு நடுவுலதான். பிப்ரவரி பன்னெண்டு. நாலு ராத்திரி."

"ஓ."

"ஓ இல்ல. கேளுங்க. மாச ஆரம்பத்துல இந்தப் பொண்ணு வந்து வாசல்ல நின்னு இருபதாம் தேதின்னு சொல்லிட்டுப் போச்சு. இருபதுன்னா இருபத்தேழு. இது எனக்குத் தெரியாதா? அவருக்குத்தான் தயக்கம். 'அந்தப் பொண்ணு குரல் இந்தத் தடவை வேற மாதிரி இருந்துச்சு நமியே, முடிச்சிட்டுப் போலாமே'ன்னார். நான்தான் விடலை. தயாரிப்பு ஆளுங்க வாயில நிஜத் தேதி வந்து நீங்க எப்பப் பாத்தீங்க, எழுந்திரிங்கன்னு பெட்டியை எடுத்து வாசல்ல வச்சுட்டேன்."

சுகானுமாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி ஷியோமியைப் பார்த்தார். ஷியோமி பாயின் ஓரத்துத் துணி விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பனி பெஞ்சுது," என்றார் நமியே. "ரெண்டு பேரும் தலையில ஈரத் துண்டைப் போட்டுக்கிட்டு வெந்நீர்ல உக்காந்திருந்தோம். இப்பத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்குன்னார். லூசு."

சிரித்தார். பிறகு கெட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி தீர்ந்துபோச்சு, இருங்க" என்று சமையலறைக்குப் போனார்.

சுகானுமா ஷியோமியின் காதருகே குனிந்தார். அவர் மூச்சில் மருந்து வாசனை அடித்தது.

"ஏழு," என்றார். "கேக்குதா? முன்ன நான் சொன்னது வேற காரணத்துக்கு. இப்ப சொல்றது வேற காரணத்துக்கு. ஏழுன்னே சொல்லு. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் அப்படி அவளிடம் பேசியதே இல்லை. அவள் தலையசைத்தாள்.

நமியே வந்து உட்கார்ந்தார். ஆரஞ்சுப் பழங்களை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். யாரையும் எடுக்கச் சொல்லவில்லை.

"பதினாறாம் தேதி மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் நீ போன் பண்ணின. ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"அவர் போனை எடுத்துக்கிட்டு உள்ள போனார். வெளிய வந்து மேசையில உக்காந்தவர்தான். ராத்திரி பகல் இல்ல. நான் சொன்னேன், இன்னும் ஒரு வாரத்துக்கு மேல இருக்குங்க, படுங்கன்னு. 'இருக்கு இருக்கு, ஆனா அந்தப் பொண்ணு அழுவுற மாதிரி பேசுது, பாவம், முடிச்சுக் கொடுத்துடுறேன்'னார். சோத்து உருண்டையை இடது கையில வச்சுத் தின்னுக்கிட்டே வலது கையால வரைஞ்சார். இருபதாம் தேதி காலையில ஏழு மணிக்கு நான் அவர் அறைக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன்."



அன்று போனில் ஷியோமி அழவில்லை. அவள் சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். தொடர்பு விட்டுப்போய்விட்டதோ என்று அவள் இரண்டு தரம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அவர், "சரிம்மா, செஞ்சுடலாம்" என்றார். ரொம்பச் சாதாரணமாக.

"உன் அழுகைக்காகச் செத்தாருங்கிறதைத்தான் என்னால தாங்க முடியலை," என்றார் நமியே. "பொய் சொல்றது உங்க பொழைப்பு. நாங்களும் அதுல சோறு தின்னவங்கதான். ஆனா அழுது நடிக்கிறது எதுக்கு? அவர் மனசு உனக்குத் தெரியும்ல? எத்தனை தடவை இந்த வீட்டுல காபி குடிச்சிருக்கே?"

ஷியோமி வாயைத் திறந்தாள். சுகானுமா தன் முழங்காலை இறுகப் பிடித்திருப்பதைக் கண்டாள்.

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

"மன்னிப்பு வேணாம். எண்ணு வேணும். அவர்கிட்ட சொல்லு, எங்கிட்ட இல்ல. அங்க திரும்பு. எத்தனை நாள்?"

அவள் முழங்காலில் நகர்ந்து படத்தின் பக்கம் திரும்பினாள். நீலக்கோட்டு அங்கியில் அவர் சிரித்தார். ஊதுவத்திப் புகை நேராக மேலே போனது. எமன், கண்ணாடி, குறடு எதையும் அவள் நம்பவில்லை. மூன்று மாதமாக அவற்றுக்கு வண்ணம் சரிபார்த்து உறையில் போட்டு அனுப்பியவள். ஆனாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஏழு," என்றாள்.

"சத்தமா."

"ஏழு நாள்."

நெற்றி பாயில் படும்வரை குனிந்தாள். பாய்க்கோரை வாசனை வந்தது. பின்னால் சுகானுமாவும் குனிவது கேட்டது.

நமியே நீளமாக மூச்சுவிட்டார். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சுபோல இருந்தது.

"ஏழு. நான் நினைச்ச அதே ஏழு." அவர் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீங்களா? முழுசா ஏழு நாள் இருந்துச்சாம். படுத்துத் தூங்கியிருக்கலாம். நான்தான் சொன்னேன்ல?"

பிறகு அவர் ஆரஞ்சை உரித்து இருவருக்கும் கொடுத்தார். இப்போது எடுத்துக்கொள்ளச் சொன்னார். சுகானுமா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு அவசரமாகத் தின்றார். ஷியோமி சுளைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள். நமியேயின் முகத்தில் நிறம் வந்திருந்தது. ஐந்தாம் பகுதி எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். அந்தக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கடைசி ஷாட்களில் கோடு நடுங்குகிறது, யாரும் தொடவில்லை என்று சுகானுமா சொன்னதும் கண் கலங்கினார்.

"போடுங்க அவர் பேரை. பெருசா வேண்டாம், எப்பவும் வர்ற இடத்துல, எப்பவும் வர்ற அளவுல."

சுகானுமா அங்கேயே போனை எடுத்து ஸ்டூடியோவுக்குப் பேசினார். மறுமுனையில் இனாகே ஏதோ கத்தியது அறைக்குள் கேட்டது. "சந்தோஷமாத்தான் கத்துறாங்க," என்றார் நமியேயிடம். நமியே சிரித்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது. வந்த வேலை கூடிவிட்டது. சுகானுமா எழுந்து மூன்று தரம் குனிந்தார். தும்மலை அடக்கிக்கொண்டு முதலில் வாசலுக்குப் போனார், காலணி போட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். குளிர் உள்ளே வந்தது.

ஷியோமி வாசல் படியில் உட்கார்ந்து ஒரு காலணியை மாட்டினாள். நமியே பின்னால் நின்றார்.

"நான் உன்னை மன்னிக்கலை," என்றார், கோபமே இல்லாமல். "ஆனா இன்னிக்கு ராத்திரி தூங்குவேன். இத்தனை நாளா அந்த வெந்நீர் ஊத்து ஞாபகம் வந்தாலே ஒரு மாதிரி இருக்கும். நான் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதோ, அந்த நாலு நாள் இருந்திருந்தா அவர் நிதானமா வரைஞ்சிருப்பாரோன்னு. இப்ப இல்ல. தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

"சரிங்க."

"உனக்கு எத்தனை வயசு?"

"இருபத்தஞ்சு."

"இன்னும் எத்தனையோ வாசல்ல நிப்பே. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, அவர்கிட்ட மட்டும், நீ நிஜத்தைச் சொல்லியிருந்தா, அந்த மனுஷன் இன்னிக்கு உசுரோட உள்ள உக்காந்திருப்பார். ஒரே ஒரு தடவை. உன்னால முடியலைல்ல?"

"ஷியோமி," என்றார் சுகானுமா வெளியிலிருந்து. "வாம்மா. வண்டி வழியில நிக்குது."

வண்டி வழியில் நிற்கவில்லை. அவள் இன்னொரு காலணியைக் கையில் வைத்திருந்தாள். அதைக் கீழே வைத்தாள்.

"ஷியோமி!"

அவள் திரும்பி, நிமிர்ந்து, நமியேயின் முகத்தைப் பார்த்தாள்.

"இருபதுதாங்க நிஜத் தேதி," என்றாள். "அன்னிக்குப் போன்ல அவர்கிட்ட சொன்னதும் அதைத்தான். நான் ஒரு நாள்கூடப் பதுக்கலை. பதுக்க ஒரு நாள்கூட மிச்சம் இருக்கலை."